மகள் கிராண்ட்மாஸ்டர் ஆகப் போகிறாளாம். அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி?

காரைதீவு அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் காரைதீவு, கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். செஸ்ஸில் குதிரை எப்படிப் பாயும் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். விசயம் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

மகளுக்கு 11 வயது, தரம் 6. கொரோனா நேரம் வீட்டில் அடைந்து கிடந்தபோது மனைவியின் தம்பி பழக்கிவிட்டார். இப்போது அவரே அவளோடு ஆட வரமாட்டார், "வேலை இருக்கு" என்று நழுவிவிடுவார். வலயமட்டத்தில் அவள் வயதுப் பிரிவில் முதலிடம். மாகாணமட்டத்துக்குத் திருகோணமலை போய் நடுவில் எங்கேயோ வந்தாள். அதற்கு மேல் போனதில்லை.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சம்பியன் ஆனதைப் போனில் பார்த்தாள். டிங் லிரென் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்துத் தோற்ற அந்த 14ஆவது ஆட்டம். பையன் அழுதுகொண்டே காய்களை எல்லாம் பழையபடி அடுக்கி வைத்தானே, அது அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து வென்றாலும் தோற்றாலும் காய்களை அடுக்காமல் எழும்புவதில்லை. வீட்டில் அவள் அடுக்கி வைக்கும் ஒரே சாமான் அதுதான் என்று மனைவி சொல்கிறாள்.

பாடசாலையில் எதிர்காலத்தில் என்ன ஆவேன் என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகள் டொக்டர், ஆசிரியை. இவள் கிராண்ட்மாஸ்டர். ரீச்சர் என்னைக் கண்டபோது, "அது என்ன வேலை, சம்பளம் யார் கொடுப்பது?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதுதான் என் கேள்வியும். அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது, கிடைத்தவர்கள் எப்படிச் சீவிக்கிறார்கள்? எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு இது நடக்கக்கூடிய காரியமா? ரியூசன் இரண்டைக் குறைத்துவிட்டுச் செஸ்ஸுக்கு நேரம் கொடுக்கட்டுமா? மனைவி வேண்டாம் என்கிறாள். நான் இரண்டும்கெட்டான் நிலையில் நிற்கிறேன்.

ஆலையடிவேம்பு எழுதியது:

அண்ணா, கோபிக்க வேண்டாம், நேரே சொல்கிறேன். குகேஷின் அப்பா காது மூக்குத் தொண்டை சத்திரசிகிச்சை டொக்டர், அம்மா நுண்ணுயிரியல் படித்தவர். மகன் நாலாம் வகுப்போடு முழுநேரப் பள்ளிக்கூடத்தை விட்டான். அப்பா தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு திரிந்தார். நீங்கள் கடையைப் பூட்டிப்போட்டுத் திரிவீர்களா? வங்கிக் கடன் பூட்டிய கடைக்கும் வட்டி கேட்கும்.

வென்றவனைத்தான் ரிவியில் காட்டுவார்கள். அதே வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டமும் இல்லாமல், ஏ.எல்.லும் இல்லாமல் நிற்கிற பிள்ளையை யார் காட்டுவது? ஓ.எல். முடியட்டும். விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும்.

கல்லடி விறாந்தை எழுதியது:

தம்பி காரைதீவு, நான் ஓய்வுபெற்ற கணித வாத்தியார். சனிக்கிழமை பின்னேரங்களில் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குச் செஸ் பழக்குகிறேன். காசு வாங்குவதில்லை. ஆகவே உங்கள் பிள்ளையைத் தூக்கிவைத்துப் பேச வேண்டிய தேவை எனக்கு இல்லை.

ரீச்சர் கேட்டது சரியான கேள்வி. கிராண்ட்மாஸ்டர் என்பது வேலையே அல்ல, பட்டம். ஃபிடே என்ற உலகச் செஸ் சம்மேளனம் கொடுக்கிறது. ஒருமுறை கிடைத்தால் ஆயுளுக்கும் உண்டு. அதற்காக யாரும் மாதச் சம்பளம் தரமாட்டார்கள்.

எப்படிக் கிடைக்கிறது? ரேட்டிங், அதாவது வெற்றி தோல்வியை வைத்து ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண், ஒருமுறையாவது 2500ஐத் தொட வேண்டும். அதோடு மூன்று நோர்ம். நோர்ம் என்றால், வழக்கமாக 9 சுற்றுப் போட்டி ஒன்றில் 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடுவதுபோல ஆடிக் காட்டுவது. வாத்தியார் புத்தி, கணக்கைப் போடாமல் விடமாட்டேன். எதிராளிகளின் சராசரி 2380 என்றால் 9இல் 7 புள்ளி வேண்டும். சராசரி 2475 என்றால் 6 போதும். அந்த 9 பேரில் குறைந்தது 3 பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நாட்டவராகவும் இருக்கக்கூடாது. மூன்று நோர்மும் சேர்த்து 27 ஆட்டமாவது தேற வேண்டும்.

இனி இந்த விதியை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டும் என்றால் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆட வேண்டும். இலங்கையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் கூட இன்னும் வரவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தால் ஒருவரின் புள்ளி மற்றவரிடம் போகும், மறுகா திரும்பி வரும். ஒரே குடும்பத்துக்குள் கைமாற்றுச் சுற்றுவதுபோலத்தான், மொத்தப் பணம் ஏறாது. எங்கள் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று ஒரு அதிகாரி என் முகத்துக்கு நேரே சொன்னார். குறைவது மூளை அல்ல, பலமான எதிராளி.

விஸ்வநாதன் ஆனந்தின் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். எல்லோரும் அவர் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் பார்ப்பது அவர் எங்கே எங்கே இருந்தார் என்பதை. 1969இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். 6 வயதில் அம்மா சுசீலா காய் நகர்த்தப் பழக்கினார். 70களின் கடைசியில் அப்பாவின் ரயில்வே வேலையால் குடும்பம் பிலிப்பைன்ஸ் போனது. ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் இயூஜீனியோ டோரே 1974இல் பட்டம் வாங்கிய நாடு அது. 1978இல் கார்ப்போவ், கோர்ச்னோய் உலகச் சம்பியன் போட்டியும் அங்கே பாகியோவில்தான் நடந்தது. தொலைக்காட்சியில் தினம் ஒரு செஸ் புதிர் போடுவார்களாம். பையன் பாடசாலையில் இருக்கும் நேரம் அம்மா புதிரை எழுதி வைப்பார், பின்னேரம் இருவரும் சேர்ந்து விடை அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். வென்று வென்று கடைசியில், இருக்கிற புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே சொல்லும் கதை இது.

சென்னைக்குத் திரும்பினால் சோவியத் கலாசார நிலையத்தில் தால் செஸ் கழகம். பெரியவர்களோடு விரைவு ஆட்டம், வென்றவர் இருப்பார், தோற்றவர் எழும்ப வேண்டும். அவருக்கு முன்னால் மெனுவல் ஆரோன் இருந்தார். 1961இலேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், அது கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம். ஆனந்த் 1987இல் உலக ஜூனியர் சம்பியன் ஆனது மறுபடியும் அதே பாகியோவில். 1988இல் கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தகுதி நிறைவேறியது. ஒரு நிதி நிறுவனம் காசு போட்டு வெளிநாட்டு வீரர்களை ஊருக்கே வரவழைத்ததால் அந்தப் பையன் சொந்த மாநிலத்தில் ஆடிப் பட்டத்தை முடிக்க முடிந்தது. எங்கள் செல்வந்தர்கள் கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பதில் நூறில் ஒரு பங்கு போதும் என்று நான் சொன்னால் அடிக்க வருவார்கள், விடுங்கள்.

இன்னொன்று. தென்னாசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த் அல்ல. அவருக்கு ஒரு வருடம் முன்னால், 1987இல், பங்களாதேஷின் நியாஸ் முர்ஷெட் வாங்கிவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் தொடங்கிய இடம் கிட்டத்தட்ட ஒன்று. இன்று இந்தியாவில் 80க்கு மேல் கிராண்ட்மாஸ்டர்கள். பங்களாதேஷில் ஒரு கைவிரலுக்குள் எண்ணலாம். சென்னையில் பயிற்சிக் கூடங்கள் வந்தன, போட்டிகள் வந்தன, ஓஎன்ஜிசி, இந்தியன் ஒயில் போன்ற நிறுவனங்கள் செஸ் வீரர்களுக்கு வேலை கொடுத்தன. ஒருவர் ஏறினால் போதாது, அவருக்குக் கீழே ஏணி வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகுதான் தொழிலே தொடங்குகிறது, அதையும் ஆனந்திலேயே பார்க்கலாம். 18 வயதில் பட்டம். 1991இல் கார்ப்போவிடம் தோல்வி. 1995இல் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தில் கஸ்பரோவிடம் தோல்வி. 2000இல் தெஹ்ரானில் ஷிரோவை வென்று ஃபிடே உலகச் சம்பியன் ஆனபோது வயது 31. அப்போது உலகப் பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது; உலகமே ஒப்புக்கொண்ட ஒரே சம்பியன் ஆனது 2007இல் மெக்சிகோவில், 37 வயதில். பிறகு கிராம்னிக், டொபாலோவ், கெல்ஃபண்ட் என்று மூன்று தடவை காத்து, 2013இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் இழந்தார். முடிந்தார் என்று பேசினார்கள். 2017இல் 48 வயதில் உலக ரெபிட் (விரைவு ஆட்ட) சம்பியன். 2022இல் ஃபிடேயின் துணைத் தலைவர். பட்டம் வாங்கி உச்சிக்குப் போக 19 வருடம் எடுத்த மனிதரைத்தான் நாங்கள் "மின்னல்" என்கிறோம். அத்தோடு தம்பி ஆலையடிவேம்புக்கும் ஒரு செய்தி: சென்னை லயோலாவில் வணிகவியல் பட்டமும் முடித்தவர் அவர்.

சரி, சம்பளம். உலகின் உச்சியில் இருக்கும் சிலர்தான் பரிசுப் பணத்தில் நன்றாக வாழ்கிறார்கள். மற்றவர்கள் ஜெர்மனியின் பூண்டஸ்லீகா போன்ற கழகப் போட்டிகளில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், திறந்த போட்டிகளில் அனுமதிக் கட்டணமும் தங்குமிடமும் இலவசமாகக் கிடைக்கும், இணையத்தில் பாடம் எடுப்பார்கள், பெரிய வீரர்களுக்குப் பின்னணியில் நின்று தயார்ப்படுத்துவார்கள். கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி ஆனந்தின் உலகச் சம்பியன் போட்டிகளுக்கு அப்படி உழைத்தவர். போலந்தின் கஜேவ்ஸ்கி முதலில் ஆனந்துக்கும் பிறகு குகேஷுக்கும் நின்றார். ஆர்.பி. ரமேஷ் 2002இல் பிரிட்டிஷ் சம்பியன் ஆன கிராண்ட்மாஸ்டர். ஆடுவதைக் குறைத்துப் பழக்கப் போனார், பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அவரிடம் வளர்ந்தார்கள். என் பார்வையில் ஒரு பெரிய வெற்றிக்கு எந்த விதத்திலும் குறையாத தொழில் அது. வாத்தியார் வேறென்ன சொல்வான் என்பீர்கள்.

பட்டம் எப்போதும் தகுதிக்கு ஒத்து வருவதும் இல்லை. மிர் சுல்தான் கான் என்று ஒரு பஞ்சாபிக்காரர். ஒரு நிலப்பிரபு 1929இல் லண்டனுக்குக் கூட்டிப் போனார். பிரிட்டிஷ் சம்பியன் பட்டத்தை 1929, 1932, 1933 என மூன்று முறை வென்றார், ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலகச் சம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தார். பிறகு ஊருக்குத் திரும்பியவர் 1966இல் காலமானார். ஃபிடே அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல். அந்த நிலப்பிரபு வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அவரை உலகத்துக்கே தெரிந்திருக்காது என்பதையும் யோசியுங்கள்.

பெண் பிள்ளை என்பதால் ஒரு விளக்கம். பெண் கிராண்ட்மாஸ்டர் என்று தனிப் பட்டம் ஒன்று உண்டு, அதற்கு 2300 போதும். அது சர்வதேச மாஸ்டரைவிடவும் கீழே. பத்திரிகைகள் இரண்டையும் குழப்பிப் போடும். கிராண்ட்மாஸ்டர் என்றால் ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே 2500தான். இந்தியாவில் ஹம்பி 2002இல் 15 வயதில் அதை எடுத்தார். அடுத்து ஹரிகா 2011, வைஷாலி 2023. திவ்யா தேஷ்முக் 2025இல் மகளிர் உலகக் கிண்ணத்தை வென்றதால் நோர்ம் இல்லாமலே பட்டம் பெற்றார். உங்கள் மகள் எந்தப் பட்டத்தை நினைத்து எழுதினாள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சுவையாக இருக்கும்.

நடக்குமா என்று கேட்டீர்கள். கிராண்ட்மாஸ்டர் ஆவாள் என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். ஆகமாட்டாள் என்று இப்போதே சொல்பவரையும் நம்ப வேண்டாம். 11 வயதில் தெரிகிற விசயம் ஒன்றுதான்: பிள்ளை தன் தோல்வியைத் தானே திருப்பிப் பார்க்கிறதா?

வந்தாறுமூலை அக்கா எழுதியது:

கிழக்குப் பல்கலைக்கழகச் செஸ் அணியில் ஆடியவள் நான். அதற்கு முன் பாடசாலைக் காலத்திலும் போட்டிகளுக்குத் திரிந்தேன். சேர் பெரிய கதை சொல்லிவிட்டார், நான் சின்னக் கதை சொல்கிறேன். பெண் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதுதான் முதலில் தேவை.

ரேட்டிங் போட்டிகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம். நாங்கள் மீனகயா இரவு ரயிலில் போவோம், விடிய கோட்டையில் இறங்கி, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு முதல் சுற்றுக்கு ஓடுவோம். முதல் சுற்றில் எனக்கு எப்போதும் தோல்விதான். தூக்கம் இல்லாமல் நாலு மணித்தியாலம் பலகையைப் பார்த்தால் குதிரையும் கழுதையாகத்தான் தெரியும். ஒரு நாள் முன்னதாகப் போகக் காசு இருந்தால் போங்கள். அந்த ஒரு இரவு எத்தனையோ வகுப்பைவிடப் பெறுமதி.

ஒரு போட்டியில் அடுத்த சுற்று நேரத்தை மாற்றியதைச் சிங்களத்தில் மட்டும் அறிவித்தார்கள். நான் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வந்தேன். என் மணிக்கூடு ஓடி முடிந்து ஆட்டம் போய்விட்டது. நடுவரிடம் போய் அழுதேன், பலன் இல்லை. அதனால் மகளுக்குச் செஸ்ஸோடு கொஞ்சம் சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும். பெரிய பேச்சு வேண்டாம். மணிக்கூட்டை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட, தொட்ட காயை ஆடத்தான் வேண்டும் என்று எதிராளி சண்டை பிடித்தால் வாய் திறக்க, அவ்வளவு தெரிந்தால் போதும். எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தில் தோற்பதைவிட, வாய் திறக்காமல் தோற்பது அதிகம்.

அண்ணா, யார் கூடப் போவது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பிரக்ஞானந்தா, வைஷாலி இருவருக்கும் அப்பா வங்கி வேலை, போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். அம்மா நாகலட்சுமிதான் ரைஸ் குக்கரும் மசாலாத் தூளும் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நாடு நாடாகப் போனவர். கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான் மகளைச் செஸ்ஸில் விட்டார்களாம், பார்த்துக்கொண்டிருந்த தம்பியும் தொற்றிக்கொண்டான். உங்கள் மனைவி வேண்டாம் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கூடப் போகப்போவது அவர்தானே? அந்தப் பயணம் எல்லாம் தன் தலையில் விழும் என்று அவருக்கு இப்போதே தெரிகிறது. முதலில் அவரோடு பேசுங்கள்.

ரொறன்ரோ மட்டுநகரான் எழுதியது:

அக்கா சொன்ன வைஷாலியை நான் நேரில் பார்த்தேன். 2024 ஏப்ரலில் இங்கே ரொறன்ரோ கிரேட் ஹோலில் உலகச் சம்பியனோடு மோதப் போகிறவரைத் தெரிவுசெய்யும் கேண்டிடேட்ஸ் போட்டி, ஆண், பெண் இரண்டும் ஒன்றாக நடந்தன. ஊரில் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் செஸ் ஆடி வளர்ந்தவன் நான், விடுவேனா?

குகேஷ் ஏழாவது சுற்றில் அலிரேசாவிடம் தோற்றார். அதற்குப் பிறகு ஒன்றும் தோற்காமல் 14இல் 9 புள்ளியோடு தனியாக முதலிடம். அது எல்லோருக்கும் தெரியும். வைஷாலி தொடர்ச்சியாக நாலு ஆட்டம் தோற்றார். நாலு! எட்டுப் பேர் ஆடும் போட்டியில் கடைசி இடம். நான் அந்தப் பிள்ளை இனி ஒப்புக்குத்தான் ஆடும் என்று நினைத்தேன். மிச்சம் இருந்த ஐந்து ஆட்டத்தையும் வென்றார். 7.5 புள்ளி, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். முதலிடம் வரவில்லை, ஆனால் எனக்கு அந்தப் போட்டியில் ஞாபகம் இருப்பது அதுதான்.

குகேஷும் அப்படி அடிபட்டுத்தான் வந்தவர். 2022 செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது நீங்கள் எல்லோரும் பெற்றோல் வரிசையில் நின்றீர்கள், எனக்குத் தெரியும். அவர் முதல் எட்டு ஆட்டமும் வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக வென்றுகொண்டிருந்த ஆட்டத்தில் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டுத் தலையைக் கையில் பிடித்தபடி இருந்தார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, அவர் அணிக்கு வெண்கலம். இரண்டு வருடம் கழித்துப் புடாபெஸ்டில் இந்தியாவுக்கு ஆண், பெண் இரண்டிலும் தங்கம்.

ஆலையடிவேம்பு எழுதியது:

ரொறன்ரோவில் இருந்து சொல்வது லேசு அண்ணை. சேர் சொன்ன லயோலாப் பட்டத்தை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதும் அதுதானே, படிப்பை விடவேண்டாம் என்று.

காரைதீவு அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வந்தாறுமூலைத் தங்கச்சி, உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "இந்தப் பிள்ளைக்குத்தான் விளங்கியிருக்கு" என்றாள். பேச்சு நடக்கிறது.

மகளிடம் எந்தப் பட்டம் என்று கேட்டேன் சேர். "பொம்பிளைக்கு வேறயா? எனக்குக் குகேஷ் எடுத்ததுதான்" என்றாள். இரண்டு கேள்வி இருக்கிறது. ரேட்டிங் எடுக்க முதல் அடி என்ன? மற்றது, போனில் ஒரு நாளைக்கு எண்ணிக்கை இல்லாமல் ஆடுகிறாள், மூன்று நிமிட ஆட்டம். அது பயிற்சியா, பைத்தியமா?

கல்லடி விறாந்தை எழுதியது:

பதில் எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்று நிமிட ஆட்டம் பெரும்பாலும் பைத்தியம்தான். கை பழகும், யோசனை பழகாது. முழுக்கத் தடுத்தால் களவாக ஆடுவாள். ஒரு நீண்ட ஆட்டம் ஆடி, அதைக் கொப்பியில் எழுதி, எங்கே பிழைத்தது என்று தன் கையால் குறித்த பிறகு ஒரு சில விரைவு ஆட்டம் என்று ஒழுங்கு போடுங்கள். லிசெஸ் என்ற தளம் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை, புதிர்களும் பாடங்களும் அதில் வேண்டியமட்டும் இருக்கின்றன. ஒரு கண்டிப்பு: ஆட்டம் முடிந்ததும் கொம்பியூட்டரிடம் விடை கேட்கக்கூடாது. முதலில் தான் யோசித்து எழுத வேண்டும். குகேஷைப் பழக்கிய விஷ்ணு பிரசன்னா, அவரைக் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின், அதாவது விடை சொல்லும் அந்தக் கொம்பியூட்டர் நிரல், பக்கம் போகவிடவில்லை. அவ்வளவு கடுமை எங்களுக்கு வேண்டாம், ஒரு நாள் பொறுத்துப் பார்த்தால் போதும். 2022இல் மின்வெட்டு நேரம் என் விறாந்தைப் பிள்ளைகள் மெழுகுதிரி வைத்து ஆடினார்கள். எஞ்சின் இல்லை, நெட் இல்லை. அந்த வருடம் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசியதுபோல் பிறகு பேசவில்லை.

ரேட்டிங்குக்கு ஃபிடே ரேட்டிங் போட்டியில் ரேட்டிங் உள்ளவர்களோடு 5 ஆட்டமாவது ஆடி, அரைப் புள்ளியாவது எடுத்திருக்க வேண்டும். ஒரே போட்டியில் முடியாவிட்டால் அடுத்ததோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு ஆகக் குறைந்த ரேட்டிங் 1400. அதற்குக் கீழே வந்தால் ரேட்டிங் இல்லாதவர் என்றே இருக்கும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 2300 வரை புள்ளி வேகமாக ஏறும், இறங்கும். சம பலமுள்ள ஆளை வென்றால் 20 புள்ளி கூடும். பெரியவர்களுக்கு அதில் பாதிதான். அந்தச் சலுகை இருக்கும் வயதில் பலமானவர்களோடு எவ்வளவு ஆட முடியுமோ அவ்வளவு ஆட வேண்டும். வயதுப் பிரிவில் கிண்ணம் வாங்கும் போட்டிக்கு அலைவதைவிட, பெரியவர்களோடு திறந்த போட்டியில் 9இல் 3 எடுப்பது அவளுக்கு நல்லது. கிண்ணம் இல்லாமல் வீட்டுக்கு வருவதைப் பொறுக்க வேண்டியது பிள்ளை அல்ல, நீங்கள்.

ரியூசன் கேட்டீர்கள். தரம் 6க்கு எத்தனை ரியூசன் தம்பி? இரண்டைக் குறைத்தால் என்ன, அதில் ஒன்று எப்படியும் சும்மாதான் இருக்கும். பாடசாலையை விடுவது என்ற பேச்சு இப்போது வேண்டாம். ஓ.எல். வரும்போது ரேட்டிங் 2000ஐத் தாண்டியிருந்தால் அப்போது இருந்து பேசுவோம். தாண்டாவிட்டாலும் நல்ல ஆட்டக்காரியாக உயர்தரம் படிப்பாள்.

சனிக்கிழமை மூன்றரைக்கு வாருங்கள். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு பஸ், காத்தான்குடி தாண்டிக் கல்லடியில், பாலத்துக்கு முன்னமே இறங்க வேண்டும். மிச்சத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். மாகாணமட்டத்தில் தோற்ற ஆட்டங்களின் தாள் இருந்தால் கொண்டு வரச் சொல்லுங்கள், வென்றது வேண்டாம்.

காரைதீவு அப்பா எழுதியது:

தாள் எல்லாம் இருக்கிறது சேர், மூன்றில் பெயரை மறந்துவிட்டு நகர்வை மட்டும் எழுதியிருக்கிறாள். இந்தச் சனி கடைக்குத் தம்பியை விட்டுவிட்டு வருகிறோம். மனைவியும் வருகிறாள், உங்களிடம் கேட்க அவளுக்குத் தனியாகக் கேள்விகள் இருக்கிறதாம்.